வலது பக்கம் இழுக்கிற வண்டி

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், இது வீடில்ல, ஷெட்டுதான். தரையில ஆயில் இருக்கும், பாத்துக் காலை வைங்க. கோயமுத்தூர்ல இருந்து பஸ்ஸா? தாராபுரத்துல இறங்கி நடந்தே வந்துட்டீங்களாக்கும். திரும்பிப் போறப்ப வண்டியிலயே போயிடலாம்னு என்ற மக சொல்லியிருப்பா. சிரிக்கிறீங்க. அப்ப சொல்லியிருக்கா.

அவ எனக்கும் சொன்னா. ஈரோட்டுல இருந்துக்கிட்டு போன்லயே எல்லா வழக்கையும் தீர்த்திருவா தேன்மொழி. "அப்பா, பழைய புல்லட்டுல கை தேர்ந்த ஒருத்தரை அனுப்பறேன். அவரு ஓட்டிப் பாக்கட்டும். வண்டியில கோளாறுன்னு சொன்னாருன்னா அவரு கையாலயே சரி பண்ணிக்கிட்டு நீங்க ஓட்டுங்க, நான் வாயே தொறக்க மாட்டேன். வண்டியில ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாருன்னா கோளாறு உங்ககிட்ட. அன்னைக்கே வண்டி அவரோட போயிரணும்." இதுதானுங்க எங்களுக்குள்ள பேச்சு. நானும் சரின்னுட்டேன். சரின்னு ஏன் சொன்னேன்? வண்டியில கோளாறு இருக்குதுங்க. அது வலது பக்கம் இழுக்குது.

இருங்க, இருங்க, உடனே எடுத்து ஓட்ட வேண்டாம். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. டாக்டர்கிட்டப் போனாக்கூட எப்ப இருந்து வலிக்குதுன்னு கேட்டுட்டுத்தான் கை வைக்கிறாரு. இந்தக் கோளாறு எப்ப வந்துச்சு, என்னென்ன பண்ணினேன், அந்த லேத்துப் பட்டறை ராயப்பன் என்ன பண்ணிக் கெடுத்தான், எல்லாம் கேட்டுட்டு ஓட்டுங்க. அப்பத்தான் உங்க கைக்கு அது தட்டுப்படும். லேசா இருக்கும். தெரியாதவன் ஓட்டினா தெரியாது.

முதல்ல வண்டியைப் பாருங்க. எப்படி இருக்கு? அந்த டேங்க் மேல ஓடுற தங்கக் கோடு நான் இழுத்தது. ஸ்டிக்கர் இல்லீங்க. அணில் வால் மயிருல கட்டின பிரஷ்ஷு. மூச்சைப் புடிச்சுக்கிட்டு இந்தக் கோடியில ஆரம்பிச்சா அந்தக் கோடியிலதான் மூச்சு விடணும். கோடு இழுக்கறது எனக்குக் கைவந்தது. நான் தாலுகா ஆபீஸ்ல சர்வேயரா இருந்தவன். வரப்பு உன்னுதா என்னுதான்னு அண்ணனும் தம்பியும் வெட்டிக்கப் போவாங்க, நான் போயி சங்கிலியைப் போட்டு அளந்து கல்லை நட்டுட்டு வருவேன். அதுக்கப்புறம் அந்தக் கல்லை அவனும் அசைக்க முடியாது, இவனும் அசைக்க முடியாது. எதுக்குச் சொல்றேன்னா, நேருன்னா என்ன, கோணல்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்ல. ஆனா வண்டி வேலை நானாக் கத்துக்கிட்டது. யாருகிட்டயும் போயி நின்னதில்ல. பிரிச்சுப் பாக்கறது, தப்பாக் கோக்கறது, மறுபடி பிரிக்கறது, அப்படியே வந்ததுதான்.

இந்த வண்டி எங்க கல்யாணம் ஆன புதுசுல வாங்கினது. அப்பவே பழசு. வால்பாறையில ஒரு எஸ்டேட் மேனேஜரு ஓட்டினது. என்ற வீட்டுக்காரி வசந்தாமணி, டீச்சரு. அலங்கியத்துப் பக்கம் ஸ்கூலு. தினமும் காலையில அவளைக் கொண்டுபோய் விட்டுட்டுத்தான் நான் ஆபீஸ் போவேன். சாயங்காலம் போயிக் கூட்டிட்டு வருவேன். மழையா இருந்தாலும் சரி, ஆடிக் காத்து ஆளைத் தூக்குனாலும் சரி. இந்தா பாருங்க, பின் சக்கரத்துக்கிட்ட இடது பக்கம், சேலை மாட்டாம இருக்கக் கம்பி அடிச்ச கார்டு. பழைய வண்டி வெச்சிருக்கறவங்க சங்கத்துல இருந்து ஒருத்தரு வந்தாரு, இது வண்டியோட வந்ததில்ல, கழட்டுங்க, அப்பத்தான் போட்டியில நிக்கும்னாரு. போட்டிக்கா வெச்சிருக்கேன்னு அனுப்பிட்டேன்.

அவ நல்லாப் பூசின உடம்பு. ஊர்ல கேலி பண்ணுவாங்க. "ஏப்பா நாச்சிமுத்து, டீச்சரை வெச்சுக்கிட்டு பாலத்து மேல போகாத, பாலம் உன்னுது இல்ல, கவர்மெண்டுது"ன்னுவாங்க. அவ கேட்டுட்டு, "உங்க சிநேகிதருக்கு மக்குப் பையன் ஒருத்தன் என்ற கிளாஸ்லதான் இருக்கான், ஞாபகப்படுத்துங்க"ம்பா. தோள்ல கை வைக்க மாட்டா. டீச்சராச்சே, ஸ்கூல் புள்ளைங்க பாத்துரும்னு. மடியில பையை வெச்சுக்கிட்டு, ஒருக்களிச்சு உட்கார்ந்து, பின்னாடி இருக்கிற கம்பியை ஒரு கையில புடிச்சுக்குவா. போகப் போக நான் அவ பின்னாடி இருக்கறதையே மறந்துருவேன். வண்டி அப்படிப் போகும். நூல் புடிச்ச மாதிரி. அத்தனை வருஷத்துல ஒரு நாள் இழுத்ததில்ல. அதுதாங்க நான் சொல்ல வர்றது.

கோளாறு வந்தது ரெண்டு பேரும் ரிட்டயர்டு ஆனதுக்கு அப்புறம். ஐப்பசி மாசம். சந்தைக்குப் போயிட்டு வர்றோம், அமராவதிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கைக்கு என்னமோ தட்டுப்படுது. லேசா. ஒரு குழந்தை சட்டையைப் புடிச்சு இழுத்தா எப்படி இருக்கும், அந்த அளவு. வலது பக்கம். "வசந்தா, வண்டி இழுக்குதா?"ன்னு கேட்டேன். "காத்தா இருக்குமுங்க"ன்னா. இந்தப் பக்கமெல்லாம் காத்தாடி நட்டு வெச்சிருக்காங்களே, காத்துக்குக் குறைச்சலா? சரி காத்துதான்னு விட்டுட்டேன். மறு வாரம் காத்தே இல்ல. இலை அசையல. இழுக்குது.

நமக்கு அது பொறுக்குமா? முதல்ல டயருல காத்து பாத்தேன். அப்புறம் முன் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தேன். அப்புறம் ஹேண்டில்பாரைக் கழட்டி, கழுத்துல இருக்கிற கோன்செட்டைப் பாத்தா, குண்டு ஓடுற பாதை தேய்ஞ்சு பள்ளம் விழுந்திருந்துச்சு. ஆஹா, இதுதான்னு மாத்திட்டேன். ரெண்டு வாரம் நல்லா இருந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் முன்னைவிடக் கொஞ்சம் அதிகம்.

அப்பத்தான் முடிவு பண்ணினேன். அங்க ஒண்ணு இங்க ஒண்ணு பாத்துக்கிட்டு இருந்தா ஆகாது, அடியில இருந்து நுனி வரைக்கும் பிரிச்சு, சட்டம் மொதக்கொண்டு சுத்தம் பண்ணி, பிறந்த வீட்டுல இருந்து வந்த மாதிரி ஆக்கிரணும்னு. ரிட்டயர்டு ஆன மனுஷனுக்கு வேற என்ன வேலை? இந்த ஷெட்டு அதுக்காகப் போட்டதுதான். இதே இடத்துல சட்டம் மட்டும் நிக்கும், எலும்பாட்டம். இன்ஜின் அந்த மேசை மேல. நட்டு போல்ட்டெல்லாம் அவளோட ஊறுகாய் பாட்டில்ல. பழைய பெயிண்டைச் சுரண்டச் சுரண்ட பச்சை வந்துது, பச்சைக்கு அடியில கருப்பு. நான் சுரண்டிக்கிட்டே இருப்பேன், உள்ள வீட்டுல தையல் மிஷின் ஓடிக்கிட்டே இருக்கும்.

அந்தக் கார்த்திகை, மார்கழி பூரா அவ தச்சுக்கிட்டே இருந்தா. "என்ன தைக்கிறே, தீபாவளியும் முடிஞ்சு போச்சே"ன்னா, "பழைய ஜாக்கெட்டெல்லாம் லூசா இருக்குதுங்க, உள்ள புடிக்கிறேன்"ம்பா. ஒரு தடவை புடிச்சதையே மறுபடி புடிப்பா. மறுபடி பிரிச்சு இன்னும் உள்ள புடிப்பா. நான் சிரிப்பேன். "நீயும் ரிப்பேரு, நானும் ரிப்பேரு, ரெண்டு பேர்ல யாரு முதல்ல முடிக்கிறோம் பாக்கலாம்"னு. அவளும் சிரிப்பா. இப்பக்கூட ஷெட்டுல தனியா உட்கார்ந்து எதையாவது தேய்ச்சுக்கிட்டு இருந்தா, உள்ள மிஷின் சத்தம் கேக்கற மாதிரி இருக்கும். மிஷினைத் தேன்மொழி எடுத்துட்டுப் போயிட்டா. இது எல்லாருக்கும் இருக்கிறதுதான், காது பழகிப் போயிடும். எனக்கு அந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கிடையாது.

டீயைக் கொண்டு வந்து ஷெட்டு வாசல்ல நிப்பா. "இன்னும் எத்தனை நாளு ஆகும் இது?"

"ஃபோர்க்கு வந்துட்டா முடிஞ்சுது. ஏன்?"

"டாக்டரம்மாவைப் பாத்துட்டு வரலாம்னு இருந்தேன். பசியே எடுக்க மாட்டேங்குது."

"பஸ்ஸுல போயிட்டு வந்துரேன், நான் வேணா கூட வர்றேன்."

"வண்டி ஆகட்டும். என்ன அவசரம்? பஸ்ஸுல போயி உட்கார்ந்தா உங்க முகம் ஷெட்டுலதான் இருக்கும்."

பாருங்க, இந்த வண்டி மேல அவளுக்கு அவ்வளவு இது. வேற எதுலயும் போக மாட்டா. வண்டி ஆகட்டும், வண்டி ஆகட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா. இப்பெல்லாம் எந்தப் பொம்பளை அப்படி இருப்பா சொல்லுங்க.

அந்த ஃபோர்க்கு விஷயத்துக்கு வர்றேன். முன் சக்கரத்தைத் தாங்குற அந்த ரெண்டு குழாயில கோணல் இருக்கணும்னு எனக்குச் சந்தேகம். பல்லடத்துல ராயப்பன்னு ஒருத்தன், லேத்துப் பட்டறை. அவன்கிட்டக் கொடுத்தேன். அவன் லேத்துல மாட்டிச் சுத்திப் பாத்துட்டு, "சர்வேயரே, இதுல ஒண்ணுமே இல்ல, எடுத்துட்டுப் போங்க"ன்னான். நான் ஒத்துக்கல. நல்லாப் பாருன்னேன். அவன் மறுபடி சுத்திட்டு, "உங்க வண்டி நேராத்தான் இருக்கு, உங்க ஊரு ரோடுதான் கோணல், போயி அளந்து கல்லு நடுங்க"ன்னான். பட்டறையில இருந்தவங்கெல்லாம் சிரிச்சாங்க. நான் விடல. அவன் முன்னாடியே நின்னு, இந்தக் குழாயில ஒரு தட்டு, அந்தக் குழாயில ஒரு தட்டு தட்ட வெச்சேன். அங்கதான் கெட்டுது. நேரா இருந்ததை அவன் தட்டித்தான் கோணலாக்கினான்னு எனக்கு இன்னைக்கும் ஒரு எண்ணம். ஆனா அதுக்கு முந்தியே இழுத்துதேன்னு கேப்பீங்க. இழுத்துது. அதுதான் புரியல.

ஒரு வழியா வண்டி ஆச்சு. தைப்பொங்கலுக்கு முன்னாடி. முதல் ஓட்டமே டாக்டரம்மா வீட்டுக்குத்தான். அவ ஏறி உட்கார்ந்தா. நான் கிளப்பறேன், வண்டி அப்படியே வலது பக்கம் போகுது. ஐப்பசியில குழந்தை இழுத்த மாதிரின்னு சொன்னேன் பாருங்க, இப்பப் பெரியாளு இழுக்கற மாதிரி. எல்லாம் புதுசு, ஸ்போக்கு புதுசு, கோன்செட்டு புதுசு, பெயிண்டு புதுசு. எனக்கு அழுகையே வந்துருச்சு. டாக்டரம்மா வீட்டு வாசல்ல வண்டியைப் போட்டுட்டு முன்னாடி குந்திட்டேன். நான் ஒரு கண்ணை மூடி ஃபோர்க்கையே பாத்துக்கிட்டு இருக்கேன், அவ மட்டும் உள்ள போயிட்டு வந்தா.

"என்ன சொன்னாங்க?"

"எடை பாத்தாங்க. கோயமுத்தூர்ல ஒரு டெஸ்டு எழுதிக் குடுத்திருக்காங்க."

"சரி போலாம். நீ இங்க வா, இதைப் பாரு. இங்க இருந்து பாத்தா ஃபோர்க்கு கோணலாத் தெரியல?"

அவளும் சேலையை ஒதுக்கிக்கிட்டுக் குந்தி உட்கார்ந்து பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. பாத்துட்டு, "ஆமாங்க, கொஞ்சம் கோணலாத்தான் தெரியுது"ன்னா. அவ கண்ணுக்குத் தெரிஞ்சுது தம்பி. லேத்து வெச்சிருக்கற ராயப்பன் கண்ணுக்குத் தெரியல.

கோயமுத்தூருக்கு ஆம்புலன்ஸுலதான் போனா. அது ஒண்ணுலதான் அவ இந்த வண்டி இல்லாம போனது. சித்திரை வரைக்கும் இருந்தா.

டீ குடிங்க, ஆறுது. நான் போட்டதுதான், சர்க்கரை ஒரு மாதிரி இருக்கும்.

அவ போனதுக்கப்புறம் வண்டி ரொம்ப மோசம். நேராப் புடிச்சா போகவே மாட்டேங்குது, தொட்டதும் வலது பக்கம். நம்ம ஊர்ல வலது பக்கம்னா என்ன, எதிர்ல வர்றவன் மேலதான். மறுபடி பிரிச்சேன். மறுபடி கோத்தேன். ஒரு சோதனைகூடப் பண்ணிப் பாத்தேன் கேளுங்க. நெல்லு மூட்டை ஒண்ணைப் பின்சீட்டுல கட்டினேன். நடுவுல கட்டினா இழுக்குது. வலது பக்கம் தள்ளிக் கட்டினா இன்னும் இழுக்குது. இடது பக்கம் சரிச்சுத் தொங்கறாப்பல கட்டினேன், போகுது பாருங்க, நூல் புடிச்ச மாதிரி. பழைய வண்டி. பழைய ஓட்டம். அலங்கியம் வரைக்கும் போயிட்டு வந்தேன். எனக்கு அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வந்துச்சு. அப்ப அர்த்தம் என்ன? ஃபோர்க்கு வலது பக்கம் கோணல், இடது பக்கத்துப் பாரம் அதை ஈடு கட்டுது. கணக்கு சரிதானே?

இதைப் போயி ராயப்பன்கிட்டச் சொன்னேன். அவன் இந்தத் தடவை சிரிக்கல. கையைத் துணியில தொடைச்சுக்கிட்டே என்னைப் பாத்தான். "சர்வேயரே, அம்மா உங்க வண்டியில எந்தப் பக்கம் கால் போட்டு உட்காருவாங்க?"ன்னு கேட்டான். எனக்கு வந்துது பாருங்க கோபம். ஃபோர்க்கைப் பத்திக் கேட்டா வீட்டுப் பொம்பளையைப் பத்திப் பேசறான். செத்துப் போனவளைப் பத்தி லேத்துப் பட்டறையில நின்னு என்ன பேச்சு? அன்னைக்கோட அவன் பட்டறை வாசலை மிதிக்கறதில்ல.

அப்புறம்தான் அந்தப் பாலத்துல நடந்தது. மூட்டை கட்டாமப் போயிருந்தேன், ஒரு கல்யாணத்துக்கு. கல்யாணத்துக்கு மூட்டையோட போக முடியுமா? பாலத்து மேல வெள்ளைக் கோட்டைத் தாண்டிட்டேன். எதிர்ல பஸ்ஸு. டிரைவரு ஒடிச்சுட்டான், நல்ல பையன். பஸ்ஸோட ஓரத்துத் தகரம் மட்டும் என்ற முட்டியில உரசிட்டுப் போச்சு. பஸ்ஸுல நம்ம ஊர்க்காரங்க இருந்திருக்காங்க. நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள சேதி ஈரோட்டுக்குப் போயிருச்சு. தேன்மொழி மறுநாளே வந்து சாவியைப் புடுங்கிக்கிட்டா. "அம்மா போயி வருஷம் திரும்பல, உங்களையும் நான் அள்ளிட்டு வரணுமா?"ன்னு கேட்டா. சாவியை உங்ககிட்டக் குடுத்து அனுப்பியிருக்கா பாருங்க, எங்கிட்டக் குடுக்காம.

சரி, எழுந்திரிங்க. இங்க வேண்டாம், சந்து. தள்ளிக்கிட்டுப் போலாம், பக்கத்துலயே புது ரோடு போட்டுக்கிட்டு இருக்காங்க. இன்னும் வண்டி விடல. அளவெடுத்துப் போட்ட ரோடு, கண்ணுக்கெட்டின வரைக்கும் நேரு. அங்க ஓட்டினா மறைக்க முடியாது. ஆங், இதுதான் அந்த ரோடு. கியரு வலது கால், பிரேக்கு இடது கால், பழைய முறை. உங்களுக்குத் தெரியாததா. ஆம்பியரு முள்ளு நடுவுக்கு வரட்டும், அப்புறம் உதைங்க. போயிட்டு வாங்க. நான் இந்தக் கல்லு மேல உட்கார்ந்திருக்கேன். கையில தட்டுப்படுதான்னு பாருங்க, அவசரப்படாதீங்க.

வந்துட்டீங்களா. எப்படி?

என்ன, இல்லைன்னு தலையை ஆட்டறீங்க. இழுக்கலையா? லேசாக்கூடவா? கையை விட்டு ஓட்டிப் பாத்தீங்களா. விட்டுக்கூட ஓட்டினீங்களா. நேராவா போச்சு?

நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நேராத்தான் போனீங்க.

இல்ல தம்பி, ஒரு நிமிஷம் இருங்க, முடிவு சொல்லிராதீங்க. அது நீங்க இளசு, உங்க கை அதை அடக்கிருது. நான் ஓட்டறேன், நீங்க பின்னாடி நின்னு பாருங்க. ஒரே ஒரு தடவை. இங்கதான் ஒரு ஈ காக்கா கிடையாதே, எந்த பஸ்ஸு வரப் போகுது? குடுங்க சாவியை. தேன்மொழிகிட்டச் சொல்ல வேண்டாம்.

பாத்தீங்களா? பாத்தீங்கல்ல, மண்ணுல இறங்கிட்டேன். ரோட்டோட வலது ஓரத்துக்கே கொண்டு போயிருச்சு. நான் இழுத்துப் புடிச்சுக்கிட்டே இருந்தேன். இப்பச் சொல்லுங்க, இது கோளாறா இல்லையா?

என்ன அது, போன்ல படம் புடிச்சீங்களா. காட்டுங்க. கண்ணாடி போட்டுக்கறேன்.

யாரு இது, நானா? பின்னாடி இருந்து பாத்தா எங்கப்பா மாதிரி இருக்கேன். மறுபடி ஓட்டுங்க. அங்க நிறுத்துங்க. அப்படியே வைங்க, ஆடாதீங்க. இந்தப் பேனாவை அது மேல வெச்சுப் பாக்கறேன். பின்சக்கரம், சீட்டு, முன்சக்கரம், எல்லாம் ஒரே கோட்டுல இருக்கு. வண்டி நேரு. ஆளு கோணல். இடுப்புல இருந்து தலை வரைக்கும் வலது பக்கம் சாய்ஞ்சு இருக்கான். அது மட்டுமில்ல, டேங்க்கை ஒட்டி முன்னாடி போயி உட்கார்ந்திருக்கான். பின்னாடி இவ்வளவு இடம் கிடக்குது.

சொல்லுங்க, கேக்கறேன். இடது பக்கம் ஒருத்தரு ஒருக்களிச்சு உட்கார்ந்தா, அந்தப் பாரத்துக்கு ஓட்டறவன் வலது பக்கம் கொஞ்சம் சாயணும்ங்கறீங்க. சரி. முப்பது வருஷத்துக்கு மேல தினமும் சாய்ஞ்சா உடம்பு அதையே நேருன்னு எடுத்துக்கும். சரி. பின்னாடி பாரம் இல்லைன்னாலும் உடம்பு சாயும், வண்டி அந்தப் பக்கம் போகும். பாரம் குறையக் குறைய இழுப்பு கூடும்.

குறையக் குறையன்னா சொன்னீங்க?

அப்ப அந்த ஐப்பசியில...

இல்லீங்க. அது வேற. அது கோன்செட்டு. கோன்செட்டு தேய்ஞ்சிருந்துது, குண்டு ஓடுற பாதையில பள்ளம் விழுந்திருந்துது, நான் கண்ணால பாத்தேன். கழட்டினது ஷெட்டுல இன்னும் கிடக்குது, வேணும்னா காட்டறேன்.

தண்ணி இருக்குதா உங்க பையில? குடுங்க.

நீங்க நல்ல மனுஷன். வந்ததுல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கீங்க, ஒரு வார்த்தை குறுக்க பேசல. என்ன சொல்றீங்க? வண்டியை எடுத்துட்டுப் போக வேண்டியதில்லையா? ஒரு வாரம், பத்து நாள் இந்த ரோட்டுலயே நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிப் பழகினாப் போதுமா. பழகிட்டா வண்டி எங்கிட்டயே இருக்கலாம், தேன்மொழிகிட்ட நீங்களே பேசறீங்களா. பெரிய மனசு உங்களுக்கு. அவ்வளவு தூரம் பஸ்ஸுல வந்துட்டு, வெறுங்கையோட போறேங்கறீங்க.

நிமிர்றது ஒண்ணும் பெரிய வேலையில்லீங்க. இப்ப நிமிர்ந்துதான் நிக்கிறேன். வண்டியில ஏறினாலும் நிமிரலாம். கொஞ்சம் இப்படி, இடது பக்கம் வந்தாப் போதும். முதுகு வலிக்கும், ரெண்டு நாள்ல சரியாயிரும்.

ஆனா நான் நிமிர்ந்தா அவ விழுந்துருவாளே தம்பி.

அப்படிப் பாக்காதீங்க. எனக்குத் தெரியும் நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு. பாரம் இல்ல, ஆளு இல்ல, படத்துல சீட்டு காலி, நானும்தான் பாத்தேன். கணக்கு நீங்க சொன்னது சரி. நான் சர்வேயரு, கணக்கு சரின்னா சரிதான். ஆனா இத்தனை வருஷம் சாய்ஞ்சே வந்துட்டு, இன்னைக்கு ஒரு நாள் நிமிர்ந்து உட்காருன்னா, அது என்னால ஆகாது. ஆகவே ஆகாது. ஓட்டினா இப்படித்தான் ஓட்டுவேன். இப்படி ஓட்டினா யாரோ ஒரு டிரைவரு பையன் என்னால ஜெயிலுக்குப் போவான்.

அதனால நீங்க எடுத்துட்டுப் போங்க. பேச்சுன்னா பேச்சு. கோளாறு வண்டியில இல்லைன்னு தேன்மொழிகிட்டச் சொல்லிருங்க. கோளாறு எதுலன்னு கேட்டா, வயசுன்னு சொல்லுங்க, போதும். அந்தப் படத்தை அவளுக்குக் காட்ட வேண்டாம். அவளுக்கு அம்மா உட்காருற இடம் தெரியும்.

பல்லடம் வழியாப் போனீங்கன்னா ரோடு நல்லா இருக்கும். காங்கயம் வேண்டாம், லாரி அதிகம். நான் நடந்து போயிக்கறேன், பக்கம்தானே, நீங்க கொண்டுவந்து விட வேண்டாம். நல்லா ஓட்டுறீங்க. பாத்தேன். நேரா ஓட்டுறீங்க.

இருங்க. ஏறாதீங்க இப்ப. ஹேண்டிலை நான் புடிச்சுக்கறேன், வண்டியைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்க்கணும். ஒரு நிமிஷம்.

அவ இறங்கிக்கட்டும்.